முதல் இ.சி.ஜி. பக்கத்திலேயே எடுக்கப்பட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் மாவட்டத்திலும் அதை ஒட்டிய புதுச்சேரிப் பகுதிகளிலும் நடுத்தர வயதில் ஒருவருக்கு மாரடைப்பு வரும்போது, அது மாரடைப்பு என்று தெரிவதற்குள்ளாகவே விலைமதிப்பில்லாத நேரம் கழிந்துவிடுகிறது. பாதிக்கப்பட்டவர் பெண்ணாக இருந்தால் அந்த நேரம் இன்னும் நீள்கிறது. இதைக் குறைக்க முதலில் வேண்டியது புதிய கட்டடமோ பெருநிதியோ அன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் உள்ள, இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்யும் இ.சி.ஜி. கருவியைப் பற்றியும், மாரடைப்புக்கு முதலுதவியாக அங்கே இலவசமாகத் தரப்படும் 14 மாத்திரைகளைப் பற்றியும் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். நான் நெல்லிக்குப்பம் வட்டாரத்தில் வசிக்கும் கணித ஆசிரியை. கடந்த ஆண்டு 48 வயதில் எதிர்பாராமல் மாரடைப்புக்கு ஆளாகி, சரியான இடத்துக்கு நேரத்தோடு அழைத்துச் செல்லப்பட்டதால் உயிர் பிழைத்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

மாரடைப்பு என்றதும் நம் மனத்தில் எழும் உருவம், புகைபிடிக்கிற, உடல் பருத்த, அறுபதைக் கடந்த ஓர் ஆணுடையது. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார். சுற்றியிருப்பவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று அந்த நொடியே புரிந்துவிடும். உண்மை நிலவரம் வேறு. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் மருத்துவர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவுகளைக் கொண்டு, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வயது 53 என்றும், மற்ற நாட்டினருக்கு அது ஏறத்தாழ 59 என்றும் 2007-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். இந்த ஆறு ஆண்டு வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் நம் குடும்பங்களில் அந்த ஆறு ஆண்டுகள்தாம் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம், வீட்டுக் கடன், முதியோரின் மருத்துவச் செலவு எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும் ஆண்டுகள். சம்பாதிக்கிற கையும் சமைக்கிற கையும் ஓய்வெடுக்க முடியாத வயது அது.

பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்வரை ஓரளவு இயற்கையான பாதுகாப்பு இருக்கிறது என்பது மெய்தான். இருந்தாலும், சர்க்கரை நோய் வந்துவிட்ட பெண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. கருவுற்றிருந்த காலத்தில் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ கூடியிருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதும் மருத்துவ உலகம் நன்கு அறிந்த செய்தி. என் இரண்டாவது பேறுகாலத்தில் சர்க்கரை இருந்தது. குழந்தை பிறந்ததும் அளவு சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு எந்த மருத்துவமனையிலும் எவரும் அதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. தாய்சேய் நல அட்டையில் எழுதப்பட்ட அந்த ஒரு வரி, குழந்தைக்குத் தடுப்பூசி போட்டு முடித்ததும் பழைய காகிதங்களோடு போய்விடுகிறது. மகப்பேற்றின்போது சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்த பெண்களை நாற்பது வயதில் மீண்டும் அழைத்துப் பரிசோதிக்கும் ஏற்பாடு ஒன்று இருக்குமானால், என்னைப் போன்ற பலர் எதிர்பாராத மாரடைப்பு என்ற பட்டியலில் இடம்பெறாமலே இருக்கலாம்.

எனக்கு மாரடைப்பு வருவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே பள்ளியின் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. இரவு உறங்கி எழுந்தபிறகும் தீராத அயர்ச்சி இருந்தது. தனியார் மருத்துவர் ஒருவரிடம் காட்டியபோது, “மாதவிடாய் நிக்கிற வயசும்மா, இந்த நேரத்துல இப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிச் சத்து மாத்திரையும் வயிற்றுப் புண்ணுக்கான மாத்திரையும் எழுதித் தந்தார். ரத்த அழுத்தம் பார்க்கப்பட்டது, இ.சி.ஜி. எடுக்கப்படவில்லை. அன்று எடுத்திருந்தாலும் அதில் எதுவும் தெரியாமல் போயிருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் இதே மூச்சிரைப்பையும் இதே அயர்ச்சியையும் சொல்லிக்கொண்டு என் வயதுடைய ஓர் ஆண் போயிருந்தால், இ.சி.ஜி. எடுக்காமல் அவரைத் திருப்பி அனுப்பியிருக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன். நடுத்தர வயதுப் பெண்ணின் உடல் உபாதை எதுவாக இருந்தாலும் அதை மாதவிடாயின் கணக்கிலோ மனக்கவலையின் கணக்கிலோ எழுதிவிடும் வழக்கம் நம் மருத்துவர்களிடமும் இருக்கிறது, நம் வீடுகளிலும் இருக்கிறது.

மாரடைப்பு வந்த காலையில் எனக்கு நெஞ்சு வலிக்கவே இல்லை. மார்கழிக் குளிரில், பிள்ளைகளுக்கு மதிய உணவு கட்டிக்கொண்டிருந்தபோது, கீழ்த்தாடை இரண்டு பக்கமும் கனத்து வலித்தது. மேல்வயிற்றை யாரோ கையால் பிசைவது போன்ற சங்கடம் எழுந்தது. சற்று நேரத்தில் இரவிக்கை முழுவதும் நனையும் அளவுக்கு வியர்த்துவிட்டது. என் மாமியார், இது வாய்வுதான் என்று சொல்லி ஓமத்தைக் கொதிக்கவைத்துக் கொண்டுவந்து, முதுகை நீவிவிட்டார். அவர் அன்பில் எந்தக் குறையும் இல்லை. அவருடைய தாயார் அவருக்குச் செய்ததை அவர் எனக்குச் செய்தார். என் கணவர் பதறிப்போய், புதுச்சேரிக்குப் போய்விடலாம் என்று முடிவுசெய்து, கார் வைத்திருக்கும் உறவினருக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் சென்று சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை தருகிற தன்னார்வலர், எங்கள் தெருவைச் சேர்ந்த பெண், மாமியாருக்குரிய மாத்திரைகளைக் கொடுக்க வந்தார். என்னைப் பார்த்த மாத்திரத்தில், “டீச்சர், இந்த வேர்வையப் பாருங்க, இது வாய்வு இல்ல. முதல்ல பி.எச்.சி.யில இ.சி.ஜி. எடுத்துருவோம். பாண்டிக்கு அப்புறம் போய்க்கலாம்ணே” என்று என் கணவரிடம் உறுதியாகச் சொன்னார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த இளம் மருத்துவர் என்னைப் படுக்கவைத்து உடனே இ.சி.ஜி. எடுத்தார். எடுத்த பதிவைக் கைப்பேசியில் படம் பிடித்துக் கடலூருக்கு அனுப்பிப் பேசினார். மாத்திரைகளை என் உள்ளங்கையில் கொட்டி, ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொன்னார். அவர் அழைத்த 108 ஊர்தி வந்து சேர்ந்தது. கடலூரில் அரசு மருத்துவமனையில் ரத்த உறைவைக் கரைக்கும் ஊசி போடப்பட்டது. ஒரு நாளைக்குள் புதுச்சேரிக்கு மாற்றப்பட்டு, அடைப்பைப் படமெடுத்துக் காட்டும் ஆஞ்சியோகிராம் செய்து, இதயத்தின் முன்சுவருக்கு ரத்தம் கொண்டுசெல்லும் முக்கியக் குழாயில், அதை விரித்துத் தாங்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைக்கப்பட்டது. புதுச்சேரிக்குப் போக வேண்டும் என்று என் கணவர் நினைத்ததில் தவறில்லை, இறுதியில் அங்கேதான் போனோம். ஆனால் போகும் வரிசை மாறியிருந்தால் இந்தக் கடிதம் எழுதப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மாரடைப்பு பெரும்பாலும் இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாயின் உட்சுவரில் பல ஆண்டுகளாகப் படிந்திருந்த கொழுப்புத் திட்டு ஒன்று கிழிந்து, அந்தக் கிழிசலின் மேல் ரத்தம் உறைந்து, குழாயை அடைத்துவிடுவதால் நேர்கிறது. கிழிகிற திட்டு குழாயை முன்பே பெரிதாகக் குறுக்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவேதான் போன மாதம் செய்த பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தவருக்கும் இந்த மாதம் மாரடைப்பு வரக்கூடும். முழு உடல் பரிசோதனைச் சீட்டை வைத்துக்கொண்டு, எனக்கு இது வராது என்று யாரும் உறுதியாக இருந்துவிட முடியாது. குழாய் முழுவதுமாக அடைபட்ட ஏறத்தாழ 20 நிமிடங்களுக்குப் பிறகு இதயத் தசை சாகத் தொடங்குகிறது. உட்புறத் தசையில் தொடங்கி வெளிப்புறம் நோக்கிப் பரவும் அந்தச் சேதம், சுமார் 6 மணி நேரத்துக்குள் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. செத்துப்போன இதயத் தசை மீண்டும் வளர்வதில்லை. பிழைத்துக்கொண்டாலும் இதயத்தின் பம்பிங் திறன் குறைந்தே இருக்கும். வாழ்நாள் முழுவதும் சில அடிகள் நடந்தாலே மூச்சு வாங்கும் நிலைக்குப் பலர் வருவது இதனால்தான்.

இனி இன்னோர் எண்ணைப் பாருங்கள். இந்தியா முழுவதும் 89 மருத்துவமனைகளில் 20,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2008-இல் வெளியான கிரியேட் ஆய்வில், அறிகுறி தொடங்கியதிலிருந்து மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்கு நோயாளிகளுக்கு ஆன இடைநிலை நேரம் 360 நிமிடங்கள். அதாவது நோயாளிகளில் பாதிப்பேர் மருத்துவமனையின் வாசலை மிதிப்பதற்கே 6 மணி நேரம் அல்லது அதற்கு மேல் ஆகியிருக்கிறது. ஆம்புலன்சில் வந்தவர்கள் 100 பேரில் 5 பேர் அளவுக்குத்தான். தசை சாவதற்கு ஆகும் நேரமும் நாம் மருத்துவமனைக்குப் போய்ச்சேர எடுத்துக்கொள்ளும் நேரமும் ஒன்றாக இருப்பதைக் கண்டபோது, கணக்கு சொல்லித் தருவதே தொழிலாகக் கொண்ட எனக்கு நெஞ்சு பதறியது. அந்த ஆய்வுக்குப் பின் 108 சேவை வந்திருக்கிறது, சாலைகள் மேம்பட்டிருக்கின்றன. ஆனால் வாய்வு என்று நினைத்துக் காத்திருக்கும் நேரத்தையும், எங்கே போவது என்று வீட்டுக்குள் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தையும் எந்தச் சாலையாலும் குறைக்க முடியாது.

கடலூர்க்காரர்களாகிய நமக்குப் புதுச்சேரி பக்கம் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. பெரிய நோய் என்றால் ஜிப்மர், இல்லையென்றால் அங்குள்ள தனியார் மருத்துவமனை என்பதே தலைமுறைகளாக நாம் அறிந்த வழி. அந்த மருத்துவமனைகளின் மீது மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கைக்குத் தக்க காரணமும் உண்டு. இருப்பினும், ஆல்பேட்டையைத் தாண்டி, முள்ளோடை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம், மரப்பாலம் என்று கடந்து, நகருக்குள் நுழைந்து, சதுக்கத்துக்குச் சதுக்கம் நின்று, ஜிப்மர் இருக்கும் கோரிமேடு போய்ச் சேர்வதற்குள் எவ்வளவு நேரம் ஆகும் என்பது அந்தச் சாலையில் பயணம் செய்கிற அனைவருக்கும் தெரியும். சனி, ஞாயிறுகளில் சுற்றுலா வாகனங்களின் நெரிசலைக் கேட்கவே வேண்டாம். பண்ருட்டியிலிருந்தோ குறிஞ்சிப்பாடியிலிருந்தோ வருகிறவர்களுக்கு இதற்கு முன்னாலும் ஒரு பயணம் இருக்கிறது. அந்தக் காருக்குள் இ.சி.ஜி. இல்லை, மருந்து இல்லை, இதயத்துடிப்பு தாறுமாறாகி நின்றுபோனால் அதிர்ச்சி கொடுத்து மீட்கும் கருவியும் இல்லை. மாரடைப்பால் வரும் மரணங்களில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்தில், துடிப்பு தாறுமாறாவதால் நேர்கிறது என்பதை நினைத்தால், அடைப்பை எங்கே எடுப்பது என்பதைவிட, அடைப்பு என்று எங்கே கண்டுபிடிப்பது என்பதே முதலில் எழ வேண்டிய கேள்வி.

அந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் ஒரு நல்ல விடை ஏற்கெனவே இருக்கிறது. 2023-இல் தொடங்கப்பட்ட இதயம் காப்போம் திட்டத்தின்படி, மாரடைப்பு என்ற ஐயம் எழுகிறவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் முதலுதவியாகத் தர, ரத்தம் உறைவதைத் தடுக்கும் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் 2, அதே பணிக்கான 75 மில்லிகிராம் குளோபிடோக்ரல் 4, கொழுப்பைக் குறைக்கும் 10 மில்லிகிராம் அட்டார்வாஸ்டாட்டின் 8 என 14 மாத்திரைகள் வைக்கப்பட்டுள்ளன. இவற்றைக் கொடுத்த பிறகே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவைக்கிறார்கள். மாத்திரைதானே என்று எண்ணிவிடக் கூடாது. 16 நாடுகளில் 17,187 நோயாளிகளைக் கொண்டு நடந்து 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில், ஆஸ்பிரின் ஒன்று மட்டுமே ஐந்து வாரங்களுக்குள் நேரும் இதய, ரத்தக்குழாய் சார்ந்த மரணங்களை 23 விழுக்காடு குறைத்தது. உறைவைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தும் உடன் சேர்ந்தபோது 42 விழுக்காடு குறைந்தது. நம் மாநிலத்திலேயே, சிறிய மருத்துவமனைகளையும் பெரிய மருத்துவமனைகளையும் ஒரே வலையமைப்பாக இணைத்து, முதலில் ஊசியால் உறைவைக் கரைத்து, பின்னர் ஆஞ்சியோகிராமுக்கு அனுப்பும் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். அதன் முடிவுகள் 2017-இல் வெளியாயின. ஓராண்டுக்குள் நேரும் இறப்பு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்திருந்தது. எனக்குக் கிடைத்த சிகிச்சை இந்த வழியில் வந்ததுதான். வேறு நாட்டில் எங்கோ நடந்த அதிசயத்தை நான் கேட்கவில்லை. நம் மண்ணில் சோதித்துப் பலன் கண்ட ஒன்றையே எல்லோருக்கும் கேட்கிறேன்.

ஆனால் இந்தத் திட்டம் மக்களுக்குத் தெரியவில்லை. பள்ளிக்குத் திரும்பிய பிறகு, பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்களிடம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இ.சி.ஜி. எடுப்பார்கள் என்று யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டேன். கை உயர்த்தியவர்கள் மிகச் சிலரே. தடுப்பூசிக்கும், நாய்க்கடிக்கும், கர்ப்பிணிகளின் பரிசோதனைக்கும் போகிற இடம் என்றே அதை மற்றவர்கள் அறிந்திருக்கிறார்கள். 14 மாத்திரைகளைப் பற்றி ஆசிரியர்களாகிய எங்களில்கூட ஒருவரும் அறிந்திருக்கவில்லை.

அதே வேளையில், வாட்ஸ்அப்பில் வரும் வைத்தியங்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கின்றன. நெஞ்சு வலித்தால் தொடர்ந்து இருமிக்கொண்டே இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றி வருகிறது. அதற்கு எந்த மருத்துவ அமைப்பின் ஒப்புதலும் கிடையாது, உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டிய நேரத்தை அது தின்றுவிடும். நான் வீடு திரும்பியதும் உறவினர் இருவர் தனித்தனியாக, இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, ஆப்பிள் சிடர் வினிகர் ஆகியவற்றைக் காய்ச்சித் தேன் கலந்த சாற்றைக் குப்பியில் கொண்டுவந்து, இதைக் குடித்தால் அடைப்பு கரைந்துவிடும், மாத்திரைகளை நிறுத்திவிடலாம் என்றார்கள். சமையலில் சேர்க்கும் பூண்டுக்கும் இஞ்சிக்கும் நான் எதிரியல்லள். ஆனால் ஸ்டென்ட் வைத்த பிறகு, உறைவைத் தடுக்கும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்துகிறவர்களுக்கு அந்த ஸ்டென்டின் உள்ளேயே ரத்தம் உறைந்து மீண்டும் மாரடைப்பு வரலாம் என்பதை ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். ஆஸ்பிரினோடு சேர்த்துத் தரப்படும் இரண்டாவது மாத்திரையைப் பொதுவாக ஓராண்டு வரையிலும், ஆஸ்பிரினையும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையையும் அதற்குப் பின்னும் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இன்னும் ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மாத்திரைகளை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு தாமே விழுங்கிவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், வயிற்றில் ரத்தக் கசிவு உள்ளவர்களுக்கும், மூளையில் ரத்தம் கசிந்து மயங்கியவர்களுக்கும் ஆஸ்பிரின் தீங்கு செய்யும். நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை அக்கம்பக்கத்தார் இரவல் கொடுக்கும் வழக்கமும் நம் தெருக்களில் உண்டு. ரத்த அழுத்தம் ஏற்கெனவே இறங்கியிருப்பவருக்கு அது ஆபத்தாக முடியும். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, மருத்துவரோ அவர் வழிகாட்டுதலில் செவிலியரோ கொடுக்கும்போதுதான் அது மருந்து.

பிழைத்த பிறகு வரும் வாழ்க்கையைப் பற்றியும் சில சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. மருத்துவமனையிலிருந்து வெளியே வரும்போது மாத்திரைச் சீட்டும், உப்பைக் குறைக்க வேண்டும், எண்ணெயைக் குறைக்க வேண்டும் என்ற அறிவுரையும் கிடைக்கின்றன. தண்ணீர்க் குடத்தைத் தூக்கலாமா, மாடியில் உள்ள வகுப்புக்கு என்றைக்கு ஏறலாம், பேருந்தில் நின்றுகொண்டு போகலாமா, கணவனும் மனைவியும் பழையபடி இருக்கலாமா என்ற கேள்விகளுக்கு விடை கிடைப்பதில்லை. கடைசிக் கேள்வியைக் கேட்கப் பெண்கள் வாயே திறப்பதில்லை. இரண்டு மாடிப் படிகளை மூச்சு வாங்காமல், நெஞ்சு அடைக்காமல் ஏற முடிகிறவர்கள் பொதுவாக இயல்பான தாம்பத்திய வாழ்க்கைக்குத் திரும்பலாம் என்பதை நானாகப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். இரவில் விளக்கை அணைத்ததும் தன் இதயத் துடிப்பைத் தானே எண்ணிக்கொண்டு படுத்திருக்கும் அச்சத்தை, மாரடைப்பு வந்தவர்கள் மட்டுமே அறிவார்கள். மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோயாகவே மாறுகிறது என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. நம் வீடுகளில் அதைப் பிழைத்தும் நன்றியில்லாமல் அழுகிறாள் என்றுதான் பேசுகிறோம். படிப்படியான நடைப்பயிற்சி, உணவு ஆலோசனை, மனநல ஆலோசனை மூன்றையும் சேர்த்துத் தரும் இதய மறுவாழ்வுச் சிகிச்சை மறுபடியும் மருத்துவமனையில் சேர்வதைக் குறைக்கிறது என்று நிறுவப்பட்டிருக்கிறது. அதை மாவட்டத் தலைநகரில் வாரம் ஒரு நாளாவது புறநோயாளிகள் பிரிவில் நடத்தினால், எங்களைப் போன்றவர்கள் வாட்ஸ்அப்பிடம் கேட்க வேண்டியிருக்காது.

செலவைப் பற்றிய அச்சமும் தாமதத்துக்கு ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தும், அது அடைப்பை விரித்து ஸ்டென்ட் வைக்கும் ஆஞ்சியோபிளாஸ்டிக்குப் பயன்படும் என்று தெரியாமல் நகையை அடகு வைத்த குடும்பங்களை நான் அறிவேன். மருந்து பூசிய ஸ்டென்டின் விலைக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தது. அதற்கு முன் அது லட்சத்தைத் தாண்டியும் விற்கப்பட்டது. பணம் புரட்டிவிட்டுப் போகலாம் என்று வீட்டில் இருப்பதுதான் எல்லாவற்றிலும் விலை கூடிய முடிவு, ஏனெனில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இ.சி.ஜி.க்கும் அந்த முதல் மாத்திரைகளுக்கும் ஒரு காசும் கேட்பதில்லை.

ஆகவே, மாவட்ட நிர்வாகத்தையும் பொது சுகாதாரத் துறையையும் நான் வேண்டிக்கொள்வது இதுதான். ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலிலும், தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி, இங்கே இ.சி.ஜி. எடுக்கப்படும், மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் இங்கே உண்டு என்று பெரிய எழுத்தில் பலகை வைக்க வேண்டும். எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை என்பதும், இரவில் எங்கே போக வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும். இரவிலும் விடியற்காலையிலும் இ.சி.ஜி. எடுக்கத் தெரிந்த ஒரு செவிலியர் பணியில் இல்லாத நிலையங்கள் எவை என்று கண்டறிந்து அங்கெல்லாம் ஆள் அமர்த்த வேண்டும், ஏனென்றால் மாரடைப்பு அதிகம் வருகிற வேளைகளில் விடியலும் காலையும் முக்கியமானவை. நியாயவிலைக் கடை, மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டம், நூறு நாள் வேலை நடக்கும் இடம், சிப்காட் தொழிற்சாலைகளின் வாயில், தேவனாம்பட்டினம் போன்ற மீனவர் குடியிருப்புகள் என்று மக்கள் கூடும் இடங்களில், நெஞ்சுவலி இல்லாமலும் மாரடைப்பு வரும் என்பதைப் பெண்களுக்குத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டும். தாடைக்கும் தொப்புளுக்கும் இடையே எங்கே சங்கடம் எழுந்தாலும், அதனோடு வியர்வையோ மூச்சிரைப்போ வாந்தியோ சேர்ந்தால், ஓமத்தண்ணீர் அடுப்பில் கொதிக்கும் நேரத்தைக்கூடக் காத்திருப்பில் கழிக்கக் கூடாது. வயிற்று எரிச்சலுக்கு மருந்து கேட்டு வரும் நாற்பது வயது தாண்டியவரிடம், வேர்க்கிறதா என்று ஒரு கேள்வி கேட்கும்படி மருந்துக் கடைக்காரர்களையும் பழக்க வேண்டும்; நம் ஊர்களில் முதல் மருத்துவர் பெரும்பாலும் அவர்தான்.

புதுச்சேரி அரசுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பாகூர், கிருமாம்பாக்கம் பக்கத்து ஊர்களும் கடலூர் மாவட்டத்து ஊர்களும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. ஒரு தெரு இந்தப் பக்கம், அடுத்த தெரு அந்தப் பக்கம். மாரடைப்பு வந்தவருக்கு எந்த அரசின் ஆம்புலன்ஸ் அருகில் நிற்கிறதோ அது வர வேண்டும், எந்த அரசின் சுகாதார நிலையம் பக்கத்தில் இருக்கிறதோ அங்கே முதல் இ.சி.ஜி. எடுக்கப்பட வேண்டும், முகவரிச் சான்று அதன்பிறகு கேட்கப்படலாம். தமிழ்நாட்டில் உள்ளது போன்ற முதல் மாத்திரைத் தொகுப்பு எல்லைக்கு அப்பாலும் ஒவ்வொரு நிலையத்திலும் தயாராக இருக்க இரு அரசுகளும் கலந்து பேசி ஏற்பாடு செய்ய வேண்டும்.

மேலும், ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 29-ஆம் நாள் உலக இதய நாளன்று மாணவர்களைப் பதாகைகளோடு பேரணியாக அழைத்துச் செல்கிறோம். நானும் பலமுறை பிள்ளைகளோடு நடந்திருக்கிறேன். வரும் ஆண்டு முதல், ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டுக்கு மிக அருகில் இ.சி.ஜி. எடுக்கக்கூடிய இடத்தின் பெயரையும் அது திறந்திருக்கும் நேரத்தையும் விசாரித்து எழுதி, வீட்டுக் கதவின் பின்னால் ஒட்டும்படி எங்கள் பள்ளியில் சொல்லப் போகிறோம். தங்கள் நாளிதழ், கடலூர், புதுச்சேரிப் பக்கங்களில் இரண்டு பகுதிகளிலும் உள்ள இத்தகைய நிலையங்களின் பட்டியலை, இரவு நேரத்தில் இயங்குபவை எவை என்ற குறிப்போடு, சுகாதாரத் துறையிடம் கேட்டுப் பெற்று வெளியிட்டு உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியை,
நெல்லிக்குப்பம் வட்டாரம்,
கடலூர் மாவட்டம்.